தோட்டத்துக் காய்ச்சலும் வடிகாலும்



நம் நாட்டுத் தோட்டங்களின் வரலாறு என்றால், ரப்பர் விதை எங்கிருந்து வந்தது, எத்தனை ஏக்கரில் நடப்பட்டது, என்ன விலைக்கு விற்றது என்பதையே பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். அந்த மரங்களை நட்டவர்கள் எந்த நோயில் படுத்தார்கள், எதனால் மாண்டார்கள், மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதும் வரலாறுதான். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறோம்.

பழைய தோட்டங்களின் மேட்டுச் சரிவுகளில், செடி மூடிக் கிடக்கும் சிமெண்டு வடிகால்களை இன்றும் காணலாம். சில இடங்களில் மண்ணுக்குள் பாதி புதைந்த சுட்ட மண் குழாய்களும் கிடைக்கின்றன. 'மழைநீர் தானாகவே ஓடிவிடுமே, மலை ஓரத்தில் எதற்கு இவ்வளவு வேலை?' என்று எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அந்தக் குழாய்கள் மண்ணரிப்பைத் தடுக்க மட்டும் போடப்பட்டவை அல்ல. அவற்றில் பல, மனித உயிரைக் காக்கப் போடப்பட்டவை. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்த் தொடங்குவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனத் தொழில் வளர, ரப்பருக்கு எங்கும் கிராக்கி ஏற்பட்டது. மலாயாவில் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் ஆயின. வேலைக்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். 1907ஆம் ஆண்டு, முதலாளிகள் எல்லாரும் பணம் கட்டும் பொது நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டு, அதிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910இல் சஞ்சிக்கூலி முறை நிறுத்தப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள், பினாங்கின் ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் தொற்றுநோய்ச் சோதனைக்காகத் தங்க வைக்கப்பட்டு, பிறகு தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சோதனையில் தேறி, நல்ல உடம்போடுதான் அவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். நோய் அவர்களுக்காகத் தோட்டத்தில் காத்திருந்தது.

அந்நாளைய தோட்டம் எப்படி இருந்தது? ஒரு பக்கம் வெட்டிச் சாய்த்துக் கொளுத்திய காடு. மறுபக்கம் வெட்டாத காடு. நடுவில் அத்தாப்புக் கூரை போட்ட லயங்கள். ஓர் அறையில் பலர் முடங்க வேண்டும். குடிநீர், பக்கத்து ஓடையிலோ மூடியில்லாத கிணற்றிலோ. வந்த சில வாரங்களுக்குள் குளிர் காய்ச்சல் பிடித்துக்கொள்ளும். உடம்பு உதறும், பிறகு கொதிக்கும், பிறகு வியர்த்து ஓயும். விட்டுவிட்டு மீண்டும் வரும். வேலைக்குப் போனால்தான் அன்று பேர் விழும். பேர் விழுந்தால்தான் கூலி. ஆகவே காய்ச்சல்காரன் பட்டினிக்காரனும் ஆனான். பட்டினி கிடந்த உடம்பை அடுத்த நோய் எளிதில் சாய்த்தது.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அப்போது மலாய்க் கூட்டு மாநிலங்கள் எனப்பட்டன. 1911ஆம் ஆண்டு அம்மாநிலத் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே ஆண்டில் இறந்தனர் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. இவர்கள் முதியவர்களும் கைக்குழந்தைகளும் நிறைந்த ஒரு கிராமத்து மக்கள் அல்லர். உழைக்கும் வயதில், தேர்ந்தெடுத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். அதை நினைக்கும்போதுதான் இந்த எண்ணின் கொடுமை நமக்கு விளங்குகிறது.

இந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. நம்மவர்கள் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். காட்டுத் தெய்வத்தின் கோபம் என்றார்கள். படித்த ஐரோப்பியர்களும் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று நம்பினார்கள். 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர், அனோபிலஸ் வகைக் கொசு ஒன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுதான் இந்நோயைச் சுமந்து செல்கிறது என்பது அதன் பிறகு உறுதியாயிற்று. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கண்டுபிடிப்பது ஒன்று, அதை ஓர் ஊரில் நடத்திக் காட்டுவது வேறொன்று. அப்படி நடத்திக் காட்டிய ஊர்களில் முதல் வரிசையில் நிற்பது நம் கிள்ளான். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட அரசாங்க மருத்துவராக வந்து சேர்ந்தார். ஊரைச் சுற்றிச் சதுப்பும் புதரும். மருத்துவமனை நிறையக் காய்ச்சல்காரர்கள். அதே ஆண்டு செப்டம்பரில், சதுப்புக் காட்டின் நடுவே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்கிறோமே, அதுதான். திறந்த இரண்டு மாதங்களுக்குள் துறைமுகத் தொழிலாளர்களும் ரயில்வே ஊழியர்களும் குடும்பம் குடும்பமாகக் காய்ச்சலில் படுத்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

வாட்சன் சொன்ன வழி எளியது. தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். புதர்களையும் காட்டையும் வெட்டி வெயில் விழச் செய்யுங்கள். கடல்நீர் புகும் இடத்துக்குக் கரை கட்டுங்கள் என்றார். அரசாங்கம் பணம் ஒதுக்கியது, வேலை நடந்தது. பலன் என்ன தெரியுமா? கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901ஆம் ஆண்டு 582 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 368 பேர் காய்ச்சலால் இறந்தவர்கள். மறு ஆண்டே மொத்தச் சாவு 144 ஆகவும், காய்ச்சல் சாவு 59 ஆகவும் இறங்கிவிட்டன. 1905இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 45 பேர்தான். இந்த எண்களில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. காய்ச்சல் குறைந்தபோது மற்ற நோய்களால் ஏற்பட்ட சாவும் பாதிக்கு மேல் குறைந்தது. காய்ச்சல் ஓய்ந்த உடம்பு மற்ற நோய்களையும் தாங்கிக்கொண்டது என்பதே இதன் பொருள்.

இதைக் கண்டு மகிழ்ந்த தோட்டக்காரர்கள், காட்டை வெட்டி வடிகால் வெட்டினால் மலேரியா எங்கும் போய்விடும் என்று எண்ணினார்கள். கடலோரத்துச் சமவெளித் தோட்டங்களில் அப்படியே நடந்தது. ஆனால் உள்நாட்டு மேட்டுநிலத் தோட்டங்களில் கதை தலைகீழாயிற்று. காட்டை வெட்டினார்கள், ஓடைகளைத் துப்புரவு செய்தார்கள், வெயில் நன்றாக விழுந்தது. காய்ச்சலோ முன்னைவிட அதிகமாயிற்று! ஏன்?

விடை கொசுவிடம் இருந்தது. அனோபிலஸ் கொசுக்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. சமவெளிச் சதுப்பில் நோய் பரப்பிய கொசு நிழலை விரும்புவது. அம்ப்ரோசஸ் என்று பெயர். காட்டின் நிழலில் தேங்கும் நீரில் முட்டையிடும். நிழல் போனால் அதுவும் போய்விடும். மேட்டுநிலத்துக் கொசு மாகுலேட்டஸ் என்பது. இதற்கு வெயில் படும் தெளிந்த நீர் வேண்டும். மலையடிவார ஊற்றும், கூழாங்கல் மேல் சலசலத்து ஓடும் சிற்றோடையும் இதற்குப் பிடித்த இடங்கள். காடு மூடியிருந்தவரை அந்த ஊற்றுகளில் இருள் இருந்தது. காட்டை வெட்டிய கை, அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டது. பார்வைக்குப் பளிங்குபோல் தெளிந்த நீர்தான் அங்கே ஆளைக் கொன்றது.

சரி, ஓடுகின்ற ஊற்றை என்ன செய்வது? இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். ஒன்று, ஊற்று நீரைச் சுட்ட மண் குழாய்களில் செலுத்தி, மேலே மண் போட்டு மூடிவிடுவது. வெயிலும் படாது, கொசுவும் நுழையாது. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. இரண்டாவது வழி, நீரின் மேல் எண்ணெய் தெளிப்பது. கொசுவின் புழு நீரில் வாழ்ந்தாலும் மேலே வந்துதான் மூச்சு விடும். எண்ணெய்ப் படலம் மூடியிருந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். முட்டை, கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆதலால் வாரம் தவறாமல் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் முந்தைய உழைப்பெல்லாம் வீண்.

முதுகில் எண்ணெய்ப் பீப்பாயைச் சுமந்து, ஓடை ஓடையாய் ஏறி இறங்கி, வாரந்தோறும் அந்த எண்ணெயை அடித்தவர்கள் யார்? நம் தோட்டப் பாட்டாளிகள்தான். பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தவர்களும் அவர்கள்தான். மருத்துவ வரலாற்றில் வாட்சனின் பெயர் நிலைத்திருக்கிறது, அது நியாயமே. 1924இல் அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் பெயரில்லாதவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம்.

ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்பதை அந்நாளில் எப்படி அளந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று மாறுவார்கள். பிள்ளைகளோ இருந்த இடத்திலேயே இருப்பார்கள். மலேரியா மீண்டும் மீண்டும் வந்தால் மண்ணீரல் வீங்கும். இடது விலாவின் கீழே கைக்குக் கட்டியாகத் தட்டுப்படும். பாட்டிமார் இதைக் காய்ச்சல் கட்டி என்பார்கள். மருத்துவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கட்டி இருக்கிறது என்று எண்ணினார்கள். அந்த எண்தான் அந்தத் தோட்டத்தின் நோய்க் கணக்கு. மெலிந்த கையும் பருத்த வயிறுமாக நின்ற பிள்ளைகள், தம்மை அறியாமலே சாட்சி சொன்னார்கள்.

நோய் வந்தவர்களுக்கு மருந்து கொயினா. சிங்கோனா மரத்துப் பட்டையிலிருந்து எடுப்பது. நாக்கில் பட்டால் வேம்பும் தோற்றுவிடும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. கொயினா காய்ச்சலைத் தணித்தது. பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அடுத்த கொசுக்கடியை அதனால் தடுக்க முடியவில்லை. வடிகால் இல்லாத தோட்டத்தில் எவ்வளவு கொயினா கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதைதான்.

அப்படியானால், வழி தெரிந்த பிறகும் எல்லாத் தோட்டங்களும் உடனே வடிகால் வெட்டவில்லையே, ஏன்? இங்கேதான் கூலிக் கணக்கு குறுக்கே வருகிறது. மண்ணுக்குள் குழாய் பதிக்க முதலில் பெரும் பணம் வேண்டும். ஆள் குறைந்தால் புது ஆள் வரும். பயணச் செலவையோ பொது நிதி பார்த்துக்கொள்ளும். இப்படிக் கணக்குப் போட்ட தோட்டங்கள் இருந்தன. இதற்கு எதிராக இன்னொரு கணக்கும் இருந்தது. காய்ச்சல் தோட்டம் என்று பெயர் வாங்கிய இடத்துக்கு ஆள் வர அஞ்சினார்கள். வந்தவர்களும் படுத்துவிட்டால் பால் வெட்ட ஆள் இல்லை. நோயாளி வேலையாளைவிட நலமான வேலையாள் இலாபம் என்பதை மருத்துவர்கள் முதலாளிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மனித உயிரைக் காக்க இலாபக் கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நேயர்களே, காய்ச்சலைப் போலவே அக்காலத்தில் மலாயாவை வாட்டிய இன்னொரு நோய் பெரிபெரி. கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். இது பெரும்பாலும் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பிடித்தது; தமிழர்களை அவ்வளவாகத் தீண்டவில்லை. ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. ஏன் இந்த வேறுபாடு? பிராடன் என்ற மருத்துவர் சோற்றைக் கவனித்தார். சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதியினருக்கு ஓர் அரிசியும் மறுபகுதியினருக்கு மற்றோர் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது. புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே பரவவில்லை. பிறகு, 1900இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் அதை மேலும் ஆராய்ந்து, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்துதான் காரணம் என்று நிறுவினார்கள். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் அவர்கள் சோறு உலக மருத்துவத்துக்கு ஒரு பாடம் சொன்னது.

சோறு காத்த அந்த உடம்பைக் கால் வழியாக வந்த ஒரு பகை கெடுத்தது. அது கொக்கிப்புழு. கழிப்பிடம் இல்லாத இடத்தில் மக்கள் புதர் மறைவுக்குப் போனார்கள். மலத்தோடு விழும் புழு முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கும். ரப்பர் மரத்தடி மண் இதற்கு ஏற்ற இடம். செருப்பில்லாத காலில், விரலிடுக்குத் தோலைத் துளைத்துப் புழு உள்ளே போகும். நம்மவர்கள் அரிப்பை மட்டும் கண்டு, சேற்றுப்புண் என்று விட்டுவிட்டார்கள். குடலில் ஒட்டிக்கொண்டு அது நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, மேடு ஏற முடியாமல் நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று சொன்னவர்கள் உண்டு. அது சோம்பல் அல்ல, இரத்தசோகை. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய டார்லிங் என்பவரின் மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்து இந்நோயை ஆராய்ந்தது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றலாம். கழிப்பிடமும் செருப்பும் இல்லையேல் அதே புழு மீண்டும் ஏறிவிடும் என்பது தெளிவாயிற்று.

இவ்வாறு வடிகால், கழிப்பிடம், நல்ல கிணறு ஆகியவை முதலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்ட காலம் மெல்ல மாறியது. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதைத் திருத்தி வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும் குடியிருப்பு, தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றுக்குத் தோட்டத்தைப் பொறுப்பாக்கின. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரசரும் பரவலானது இந்தச் சட்டங்களால்தான். ஆயாக்கொட்டகை பற்றியும், பேறுகாலத் தாய்மார் பற்றியும் விதிகள் வந்தன. ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றதும் 1923ஆம் ஆண்டுச் சட்டமே. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இன்று வகுப்பில் நிற்பதற்கும் அதே சட்டம் ஒரு காரணம்.

சாவு எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் கணக்கையும் கவனமாகப் படிக்க வேண்டும். உழைக்க முடியாத நோயாளிகள் பலர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரில் போய் இறந்தவரின் பெயர் தோட்டத்துப் புத்தகத்தில் ஏறாது. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. அதன் பிறகு, இருக்கும் ஆட்களைப் பேணினால்தான் வேலை நடக்கும் என்ற நிலை வந்தது.

சட்டத்தில் எழுதியது எல்லாம் லயத்துக்கு வந்து சேரவில்லை என்பதற்கு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. சரியான மருத்துவ வசதி வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். படை வரவழைக்கப்பட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார். உடல்நலம் என்பது மருத்துவர் தரும் தருமம் அல்ல, உழைப்பவனின் உரிமை என்று தோட்டப் பாட்டாளிகளே சொன்ன நிகழ்ச்சி அது.

அதே ஆண்டின் முடிவில் போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் எண்ணெய் அடிப்பது நின்றது, வடிகால்கள் தூர்ந்தன, கொயினா கிடைக்கவில்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. நாற்பது ஆண்டுகளாகக் கட்டிய கரை மூன்றரை ஆண்டுகளில் இடிந்தது. சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களின் கதை உங்களில் பலர் வீட்டுக் கதை. அவர்களை அடியும் பட்டினியும் மட்டும் கொல்லவில்லை. மலேரியாவும், 1943இல் முகாம் முகாமாகப் பரவிய காலராவும் கொன்றன. கழிப்பிடமும் கொதித்த நீரும் இல்லாத இடத்தில் காலராவை யார் தடுப்பது?

போருக்குப் பின் டி.டி.டி. மருந்தும் புதிய மலேரியா மாத்திரைகளும் வந்தன. 1954இல் தோட்டத் தொழிலாளர்கள் ஒன்றுபட்டுத் தேசியத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். நாடு விடுதலை அடைந்த பின், 1966ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்த அளவுத் தரங்களை வகுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவருக்கு மருந்து அடிக்கவும், விரலில் குத்தி இரத்தம் எடுக்கவும் ஊழியர்கள் வீடு வீடாக வந்ததை உங்கள் வீட்டு மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த உழைப்பின் பலனாக, 2018ஆம் ஆண்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா நம் நாட்டில் உள்நாட்டுத் தொற்றாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

கதை இதோடு முடிந்துவிட்டதா? இல்லை. குரங்குகளிடம் உள்ள நோலெசி என்ற மலேரியாக் கிருமி மனிதருக்கும் வருகிறது. 1965இல் பகாங் காட்டில் பணியாற்றிய ஓர் அமெரிக்கரிடம் இது முதலில் காணப்பட்டது. 2004இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில் பலருக்கு இருப்பது தெரிய வந்தது. மனித மலேரியா இல்லாமல் போன அதே 2018இல், குரங்கு மலேரியா 4,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. யாரை? காட்டோரம் வேலை செய்பவர்களை, புதுத் தோட்டம் போடக் காடு வெட்டுபவர்களை. நூறாண்டுக்கு முன் கிள்ளான் மேட்டில் நடந்ததை இது நினைவூட்டவில்லையா? காட்டின் எல்லை எங்கே நகர்கிறதோ அங்கே நோயும் நகர்கிறது. அந்த எல்லையில் நிற்பவன் எப்போதும் ஏழைத் தொழிலாளியே.

இன்று அந்த எல்லையில் நிற்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் தாத்தாவைப் போலவே கடன் வாங்கி வந்தவர்கள். ஓர் அறையில் பலர் முடங்குபவர்கள். நோய் என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர்கள். 2020, 2021 ஆண்டுகளில் கோவிட் நோய், நெருக்கமான தொழிலாளர் விடுதிகளில் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதைக் கண்டோம். அவர்களை வேற்றார் என்று ஒதுக்கலாமா? நம் குடும்பத்தின் பழைய படம் ஒன்று நம் முன் நடமாடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன நம்மவர்களையும் கொசு விடவில்லை. டெங்கிக் கொசு ஓடையைத் தேடாது. பூச்சட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய நல்ல நீரே அதற்குப் போதும். அன்று எண்ணெய் அடிக்க வாரம் ஒருமுறை என்று வகுத்த கணக்கு, வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரைக் கொட்டுவதற்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே நேயர்களே, சில செயல்களை மனத்தில் கொள்வோம். காட்டோரம் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால், கடை மாத்திரையோடு நிறுத்தாமல் அரசாங்க மருத்துவகத்தில் இரத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். காட்டில் வேலை செய்ததையும் மறவாமல் சொல்லச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் வீட்டைச் சுற்றி வந்து தேங்கிய நீரைக் கொட்டுங்கள். குடியிருப்பில் சாக்கடை அடைத்திருந்தால், தண்ணீர் கலங்கியிருந்தால், அது விதி என்று இருந்துவிடாமல் ஒன்றுகூடிக் கேளுங்கள். கேட்க உங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. பக்கத்து விடுதியில் காய்ச்சலோடு படுத்திருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் மருத்துவகத்துக்கு வழி காட்டுங்கள். வீட்டு மூத்தவர்கள் கொயினாவைப் பற்றியும் எண்ணெய் அடித்ததைப் பற்றியும் சொல்வதைப் பிள்ளைகளைக் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். வடிகால் வெட்டியவர்களின் பெயர்களை இனியாவது நாம் எழுதி வைப்போம்.